கதவை மூடிய கையைக் காட்டுங்கள்

ஒவ்வோர் ஆண்டும் ஏப்ரல் 15ஆம் தேதி அமெரிக்காவின் பெரிய லீக் பேஸ்பால் அணிகளில் ஆடுகிற அத்தனை பேரும் முதுகில் 42 என்ற ஒரே எண்ணைப் போட்டுக்கொண்டு களத்தில் இறங்குகிறார்கள். அது ஜாக்கி ராபின்சனின் எண். 1947 ஏப்ரல் 15 அன்று புரூக்ளின் டாட்ஜர்ஸ் அணிக்காக அவர் களமிறங்கியதை ஒரு தேசமே விழாவாக எடுக்கிறது. கறுப்பருக்கு மூடியிருந்த கதவு அன்றைக்குத் திறந்ததாம். பேச்சு, பாட்டு, கண்ணீர் எல்லாம் உண்டு.

ராபின்சன் பட்டபாட்டைக் குறைத்துப் பேச நான் வரவில்லை. என் கேள்வி ஒன்றுதான். 1947இல் கதவு திறந்தது என்றால், அது மூடியது எப்போது? மூடியது யார்? எந்த ஊரில், எந்தத் தேதியில், எத்தனை பேர் கை தூக்கி மூடினார்கள்? இந்தக் கேள்விக்கு மட்டும் விழா கிடையாது. கேட்டால் "அந்தக் காலம் அப்படி இருந்துச்சு" என்பார்கள். காலத்தின்மேல் பழியைப் போட்டுவிட்டால் மனுசன் தப்பிச்சிடலாம். நமக்கு இது புதுசா? "காலங்காலமா அப்படித்தாம்பா, நாங்க என்ன பண்றது" என்ற குரலைக் கேட்காத சேரி இந்த நாட்டில் எங்கே இருக்கிறது?

ஆனால் அமெரிக்காவில் அந்தக் கதவு காலங்காலமாக மூடிக் கிடக்கவில்லை. ராபின்சனுக்கு 69 ஆண்டுகளுக்கு முன்பே ஒரு கறுப்பர் வெள்ளையர் அணியில் சம்பளத்துக்கு ஆடியிருக்கிறார். உள்ளே இருந்தவரைத்தான் வெளியே தள்ளினார்கள். தள்ளியவர்களுக்குப் பெயர் உண்டு. தேதியும் உண்டு. அவர் பெயர் பட் ஃபௌலர்.

இதை ஒரு வாசிப்பு வட்டத்தில் நான் பேசியபோது ஒரு மாணவத் தோழர் கேட்டார்: "நம்ம ஊர்ல ஆயிரம் பிரச்சினை கெடக்கு. அமெரிக்காக்காரன் பந்தாட்டம் நமக்கு எதுக்குத் தோழர்?" நியாயமான கேள்வி. நான் தமிழ் படித்தவன். பேஸ்பால் மட்டையைக் கையால் தொட்டது கிடையாது. ஆனாலும் இந்த மனிதரின் வாழ்க்கையைப் படித்தபோது, எழுதாத சட்டம் எப்படி வேலை செய்கிறது என்பதற்கு இவ்வளவு தெளிவான சாட்சியத்தை வேறெங்கும் நான் கண்டதில்லை. அதனால்தான் எழுதுகிறேன்.

ஃபௌலரின் பிறப்புப் பெயர் ஜான் ஜாக்சன். 1858இல் நியூயார்க் மாநிலத்தின் ஃபோர்ட் பிளெய்ன் என்ற ஊரில் பிறந்து, பக்கத்தில் கூப்பர்ஸ்டவுன் என்ற சிற்றூரில் வளர்ந்தவர். அப்பா முடிதிருத்தும் தொழிலாளி. மகனும் அந்தத் தொழிலைக் கற்றார். எதிர்ப்படுகிற எல்லாரையும் 'பட்' என்று கூப்பிடுவாராம். அதனால் அவருக்கே அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது. 1878இல் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் செல்சி ஊர் அணிக்குப் பந்து வீசி, நேஷனல் லீக் சாம்பியனான பாஸ்டன் அணியை 2-1 என்று ஒரு காட்சி ஆட்டத்தில் தோற்கடித்தார். அதே ஆண்டு லின் ஊரின் லைவ் ஓக்ஸ் அணிக்கு ஆடினார். தொழில்முறை பேஸ்பாலில் சம்பளத்துக்கு ஆடியதாகப் பதிவுள்ள முதல் கறுப்பர் அவர்தான். அப்போது வயது இருபது. அடிமைமுறை சட்டப்படி ஒழிந்து பதின்மூன்று ஆண்டுகள் ஆகியிருந்தன. விடுதலை பெற்ற கறுப்பருக்குப் பாதுகாப்பாகத் தெற்கில் நின்ற கூட்டாட்சிப் படை 1877இல்தான் பின்வாங்கியிருந்தது.

பந்து வீசுகிறவராகத் தொடங்கியவர் பிறகு இரண்டாம் தளத்துக்கு வந்தார். ஆட்டம் தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். களத்தின் நான்கு மூலைகளில் நான்கு தளங்கள் இருக்கும். பந்தை அடித்தவன் தளம் தளமாக ஓடிச் சுற்றி, புறப்பட்ட இடத்துக்கே வந்தால் ஓர் ஓட்டம். தளங்களை ஒட்டி நின்று காப்பவர்கள் உள்வட்ட ஆட்டக்காரர்கள். அதில் இரண்டாம் தளத்துக்காரர் பாடு தனிப்பாடு. முதல் தளத்திலிருந்து திருட்டு ஓட்டம் ஓடி வருகிறவன் தரையில் சறுக்கிக்கொண்டு வருவான். அவன் காலுக்கு நேரே நின்று, எறிந்து வரும் பந்தைப் பிடித்து, பந்தோடு அவனைத் தொட வேண்டும். தொட்டால் அவுட்.

யோசித்துப் பாருங்கள். ஒரு கறுப்பர் வெள்ளையனைத் தொட்டு வெளியேற்றுவதுதான் அந்த இடத்தின் வேலை. அதுவும் ஊரே கூடிப் பார்க்கிற பட்டப்பகலில்.

வெள்ளையன் அதற்கு என்ன பதில் வைத்திருந்தான்? ஆட்டக்காரர்களின் பூட்ஸின் அடியில் இரும்பு முனைகள் இருக்கும். ஓட்டத்தில் கால் வழுக்காமல் இருக்க வைத்தது அது. அந்த முனைகளை உயர்த்திக்கொண்டு காலை முன்னால் நீட்டிச் சறுக்கினார்கள். கறுப்பரின் முழங்காலுக்குக் கீழே கிழிக்க வேண்டும், பார்க்கிறவனுக்கு அது விபத்துப்போல் தெரிய வேண்டும். 1889இல் ஸ்போர்ட்டிங் நியூஸ் பத்திரிகையில் இன்டர்நேஷனல் லீக் ஆட்டக்காரர் ஒருவரே இதை ஒப்புக்கொண்டிருக்கிறார். ஃபௌலர் இரண்டு காலிலும் மரக்கட்டைக் கவசம் கட்டிக்கொண்டுதான் ஆடினார் என்கிறார் அவர். இரண்டாம் தளத்துக்கு ஓடி வருகிற ஏறக்குறைய எல்லாருமே தன்னைக் குறிவைத்துத்தான் வருகிறார்கள் என்று அவருக்குத் தெரியுமாம். பஃபலோ அணியின் கறுப்பர் ஃப்ராங்க் கிராண்ட், அவரும் இரண்டாம் தளத்துக்காரர், அவருக்கும் இதே கதிதான். பந்து வீசுகிறவர்களில் பாதிப்பேர் கறுப்பர் மட்டை பிடிக்கும்போது உடம்பைப் பார்த்தே வீசினார்கள் என்பதும் அதே வாக்குமூலத்தில் இருக்கிறது.

காலில் மரக்கட்டையைக் கட்டிக்கொண்டு ஓடியவரிடம்தான் "தகுதி இருந்தால் யாரும் தடுக்க முடியாது" என்று பாடம் நடத்துகிறார்கள். தகுதியைப் பற்றியே பேசுவோம். 1884இல் மின்னசோட்டாவின் ஸ்டில்வாட்டர். 1885இல் அயோவாவின் கியோகக். 1886இல் கேன்சஸின் டொபீகா. அந்த ஆண்டு ஒரே அடியில் மூன்றாம் தளம்வரை ஓடியதில் அந்த லீக்கிலேயே அவர்தான் முதலிடம். நாட்டின் மிகச் சிறந்த ஆட்டக்காரர்களில் ஒருவர், முகம் மட்டும் வெள்ளையாக இருந்திருந்தால் முதல்தர அணியில் ஆடிக்கொண்டிருப்பார் என்று 1885இல் ஸ்போர்ட்டிங் லைஃப் பத்திரிகை எழுதியது. பாராட்டுத்தான். ஆனால் அந்த வாக்கியத்துக்குள் என்ன இருக்கிறது பாருங்கள். தகுதி இருக்கு, எடுக்க மாட்டோம், காரணம் எல்லாருக்கும் தெரியும். அதை ஒரு வானிலைச் செய்தியைப்போலச் சொல்லிவிட்டு அடுத்த பத்திக்குப் போய்விடுகிறது பத்திரிகை.

இப்போது 1887க்கு வருவோம். எல்லாம் அந்த ஆண்டில்தான் நடந்தது.

இன்டர்நேஷனல் லீக் என்பது உச்ச லீகுகளுக்கு அடுத்த படியில் இருந்த அமைப்பு. நியூயார்க், நியூஜெர்சி, கனடா ஊர்களின் அணிகள் அதில் இருந்தன. அந்த ஆண்டு அதில் கறுப்பர் ஏழெட்டுப் பேர் ஆடினார்கள். ஏழெட்டுப் பேர்! நூற்றுக்கும் மேற்பட்ட வெள்ளையருக்கு நடுவே ஏழெட்டுப் பேர். அதற்கே கறுப்பரைச் சேர்க்கும் இந்தப் பித்து எதுவரை போகுமோ என்று விளையாட்டுப் பத்திரிகை கவலைப்பட்டது. நாலு பேர் உள்ளே வந்தாலே "எல்லா இடத்தையும் அவங்களே புடிச்சுக்கிறாங்க" என்கிற கூப்பாடு நம் காதுக்குப் பழகியதுதானே.

மே மாதம் 25ஆம் தேதி சிரக்யூஸ் அணியில் ராபர்ட் ஹிக்கின்ஸ் என்ற கறுப்பர் பந்து வீசினார். டொரான்டோ அணிக்கு எதிரான ஆட்டம். அவருடைய சொந்த அணிக்காரர்களே கைக்கு வந்த பந்துகளை வேண்டுமென்றே விட்டார்கள். முடிவு 28-8. பத்து நாள் கழித்து அதே அணியின் வெள்ளைக்காரர் ஒருவர் ஹிக்கின்ஸோடு அணிப் புகைப்படத்துக்கு உட்கார மாட்டேன் என்று போய்விட்டார். படத்தில் பக்கத்தில் இருந்தால்கூடத் தீட்டு. காகிதத்தில் ஒட்டுகிற தீட்டு.

ஃபௌலர் அந்த ஆண்டு பிங்காம்டன் அணியில் இருந்தார். அவருடைய அடிச் சராசரி 350. முந்நூறைத் தாண்டினாலே நல்ல ஆட்டக்காரர் என்பது அந்த ஆட்டத்தின் கணக்கு. ஜூன் கடைசியில் அவரை வெளியேற்றினார்கள். ஏடுகளில் அதற்குப் பெயர் 'விடுவிப்பு'. வேறு எந்த இன்டர்நேஷனல் லீக் அணியிலும் சேரக் கூடாது என்ற நிபந்தனையோடு விடுவிப்பு! கட்டிப்போட்டுவிட்டு அவிழ்த்துவிட்டதாகச் சொல்கிற மொழி இது. ஃபௌலர் இருந்தால் களத்தில் இறங்க மாட்டோம் என்று அணியின் வெள்ளைக்காரர்கள் அடம்பிடித்ததுதான் காரணம் என்பது சில வாரத்தில் பத்திரிகைக்கே வந்துவிட்டது. அந்த ஆட்டக்காரர்களுக்கு நிர்வாகம் அபராதம் போட்டதாம். போடட்டும். அபராதம் கட்டியவன் அணியில் இருந்தான். 350 அடித்தவர் தெருவில் இருந்தார்.

அடுத்து ஜூலை 14. இந்தத் தேதியை மனப்பாடம் செய்துகொள்ளுங்கள். அன்றைக்கு இரண்டு ஊரில் இரண்டு காரியம் நடந்தது.

பஃபலோவில் லீக் நிர்வாகிகள் கூடினார்கள். கறுப்பருக்கு இனிமேல் புது ஒப்பந்தம் கொடுப்பதில்லை என்று முடிவு செய்தார்கள். ஓட்டு 6-4. கறுப்பர் இருந்த நான்கு அணிகள் எதிர்த்தன. இல்லாத ஆறு அணிகள் ஆதரித்தன. அந்த ஆறில் ஒன்று பிங்காம்டன். ஃபௌலரை இரண்டு வாரத்துக்கு முன்புதான் 'விடுவித்து'விட்டுக் கை கழுவி வந்து கை தூக்கியது.

அதே நாள் நியூவர்க் நகரில் ஒரு காட்சி ஆட்டம். சிகாகோ அணியின் தலைவர் கேப் ஆன்சன். அவரும் உள்வட்ட ஆட்டக்காரர்தான், முதல் தளத்துக்காரர். அந்தக் காலத்தின் பெரிய நட்சத்திரம். எதிரணியில் ஜார்ஜ் ஸ்டோவி, ஃப்ளீட்வுட் வாக்கர் என்ற இரண்டு கறுப்பர்கள் இருந்தார்கள். அவர்கள் இறங்கினால் நான் இறங்க மாட்டேன் என்றார் ஆன்சன். ஸ்டோவி இறங்கவில்லை. கூட்டத்துக்குச் சொன்ன காரணம்: உடம்பு சரியில்லை.

இதே ஆன்சன் 1883இல் டொலீடோ ஊரில் இதே வாக்கருக்கு எதிராக இதே வீம்பு பிடித்தவர். ஆடாவிட்டால் வசூலில் பங்கு கிடையாது என்று டொலீடோ நிர்வாகம் சொன்னதும் வாயை மூடிக்கொண்டு ஆடினார். மறு ஆண்டு வாக்கர் அந்த டொலீடோ அணியோடு உச்ச லீகிலேயே ஆடினார். 1884! ராபின்சனுக்கு 63 ஆண்டுகளுக்கு முன்னால்! நிறவெறி கடவுள் கொடுத்த வரமல்ல, அதை ஒரு நுழைவுச்சீட்டு வசூலால் அடக்க முடிந்தது என்பதற்கு 1883 சாட்சி. 1887இல் நியூவர்க்கில் அடக்க ஆளில்லாமல் போனது. அவ்வளவுதான் வித்தியாசம்.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். பஃபலோ, பிங்காம்டன், சிரக்யூஸ், நியூவர்க், டொரான்டோ. இதில் ஒன்றுகூடத் தெற்கில் இல்லை. பருத்திக் காட்டு எசமானர்கள் யாரும் அந்தக் கூட்டத்தில் உட்காரவில்லை. அடிமைமுறையை எதிர்த்துச் சண்டை போட்டதாகப் பெருமை பேசிய வடக்குதான் அந்தக் கதவைச் சாத்தியது. "கிராமத்தில்தான் சாதி, நகரத்தில் எங்கே இருக்கு" என்று சொல்கிற நம் முற்போக்கு நண்பர்கள் இந்த ஊர்ப் பட்டியலை ஒருமுறை வாசிக்கட்டும்.

இதற்குப் பிறகு சட்டம் எதுவும் எழுதவே இல்லை. 1867இல் அமெச்சூர் சங்கம் ஒன்று கறுப்பர் உள்ள குழுக்களைச் சேர்ப்பதில்லை என்று எழுத்தில் வைத்தது. சேர்த்தால் பிளவு வரும், சேர்க்காவிட்டால் யாருக்கும் பாதகமில்லை என்பது அவர்கள் சொன்ன நியாயம். 'யாருக்கும்' என்றால் யாருக்கு? கறுப்பர் அந்தக் கணக்கிலேயே இல்லை. அப்புறம் வந்த தொழில்முறை லீகுகள் அந்தத் தவறைக்கூடச் செய்யவில்லை. எழுதினால் கேள்வி வரும், வழக்கு வரும், வரலாற்றில் நிற்கும். எழுதாமல் விட்டால் "அப்படியொரு விதியே கிடையாதே" என்று கையை விரிக்கலாம். இதற்கு அவர்கள் வைத்த பெயர் கனவான்களின் ஒப்பந்தம். கனவான்கள்!

எங்கள் ஊர்ப் பக்கம் கபடிப் போட்டி நடக்கும். எங்கள் தெருக் குழு பெயர் கொடுக்கப் போனால் "டீம் ஃபுல் ஆயிருச்சு தம்பி" என்பார்கள். "வராதே" என்று ஒருத்தரும் ஒருநாளும் சொன்னதில்லை. நோட்டீசில் "அனைவரும் வருக" என்றுதான் அச்சடித்திருப்பார்கள். தொட்டு ஆடுகிற ஆட்டத்தில் யாரைத் தொடக் கூடாது என்பதை எந்த நோட்டீசிலும் அச்சடிக்கத் தேவையில்லை. அது எனக்கும் தெரியும், சொல்பவருக்கும் தெரியும். ஆகவே கனவான் ஒப்பந்தம் என்றால் என்ன என்று எனக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை.

ஃபௌலர் ஆட்டத்தை விடவில்லை. பிங்காம்டன் தள்ளியதும் வெர்மான்ட் மாநிலத்துக்குப் போனார். பிறகு இண்டியானா, நியூமெக்சிகோ, மிச்சிகன், இல்லினாய், நெப்ராஸ்கா. ஓர் ஊரில் நிறத்தைச் சொல்லித் தள்ளினால் அடுத்த ஊர். ஓர் இடத்தில் லீக்கே பணமின்றி மூடினால் அடுத்த மாநிலம். ஆட்டம் இல்லாத நாளில் சவரக் கத்தி. அன்றைய அமெரிக்காவில் கறுப்பரின் சவரக்கடையில் வெள்ளையன் உட்கார்ந்து தொண்டையை நீட்டுவது சகஜம். தொண்டையில் கத்தி வைக்க விட்டவன், பந்தோடு முதுகைத் தொட விடவில்லை. சேவை செய்கிற கை தீட்டில்லை. சமமாக எதிரே நின்று ஆடுகிற கைதான் தீட்டு. சாதி எங்கே அனுமதிக்கிறது, எங்கே அடிக்கிறது என்பதை இதைவிடச் சுருக்கமாக யார் சொல்ல முடியும்?

1895 வாக்கில் ஃபௌலரே சொல்லியிருக்கிறார். தன் தோலே தனக்கு எதிரி, இவ்வளவு கறுப்பாக இல்லாமலிருந்தால் ஸ்பானியர் என்றோ வேறு என்னவோ சொல்லியோ எங்காவது ஒட்டிக்கொண்டிருக்கலாம் என்று. வெறும் புலம்பல் இல்லை இது. 1901இல் பால்டிமோர் அணியின் மேலாளர் ஜான் மெக்ரா, சார்லி கிராண்ட் என்ற கறுப்பரை 'டோகோஹாமா' என்று பெயர் மாற்றி, செரோக்கி பழங்குடியினர் என்று சொல்லி அணிக்குள் கொண்டுவரப் பார்த்தார். குட்டு உடைந்தது. ஓர் ஆட்டம்கூட ஆட முடியவில்லை. அவரும் இரண்டாம் தளத்துக்காரர்தான். வாடகை வீட்டுக்காரனிடமும் வேலையிடத்திலும் ஊர்ப்பெயரை மாற்றிச் சொல்லிக்கொண்டு நாக்கைக் கட்டிப்போட்டு வாழ்கிற நம் பிள்ளைகளுக்கு டோகோஹாமா யாரென்று தெரியும்.

1894 இலையுதிர் காலத்தில் ஃபௌலரும் கிராண்ட் ஜான்சன் என்ற இன்னொரு உள்வட்டக்காரரும் சேர்ந்து மிச்சிகனின் ஏட்ரியன் ஊரில் கறுப்பர் மட்டுமே உள்ள அணியைக் கட்டினார்கள். பேஜ் ஃபென்ஸ் ஜயண்ட்ஸ். பணம் போட்டது கம்பி வேலி செய்கிற கம்பெனி. வேலிக்கு வெளியே தள்ளியவரை வேலிக்கே விளம்பரம் செய்ய வைத்தார்கள். தனி ரயில்பெட்டியில் ஊர் ஊராகப் போய், அதிலேயே சமைத்து, அதிலேயே படுத்தார்கள். ஓட்டலில் இடம் கிடைக்காத ஊர்கள் ஏராளம். ஆட்டத்துக்கு முன் சைக்கிளில் ஊர்வலம் வந்து கூட்டம் சேர்த்தார்கள். அதே 1895இல் ஃபௌலர் மிச்சிகன் மாநில லீகின் வெள்ளையர் அணிக்கும் ஆடினார். கலப்பு லீகில் அதுதான் அவருடைய கடைசிப் பருவம். அங்குமிங்குமாகப் பத்துப் பருவம். வேறெந்தக் கறுப்பரும் அந்த நூற்றாண்டில் அவ்வளவு காலம் தாக்குப்பிடிக்கவில்லை. உச்ச லீகில் ஒரு நாள், ஒரே ஒரு நாள்கூட ஆட விடவில்லை.

1913 பிப்ரவரி 26இல் நியூயார்க் மாநிலத்தின் ஃப்ராங்க்ஃபர்ட் ஊரில் தன் சகோதரி வீட்டில் வறுமையில் இறந்தார். புதைத்த இடத்தில் பெயர்க்கல் கிடையாது. பேஸ்பால் ஆராய்ச்சியாளர்கள் ஒரு கல் நட்டது 1987இல். எழுபத்து நான்கு ஆண்டுகள் கழித்து.

இனி கூப்பர்ஸ்டவுனுக்கு வருவோம். இந்தச் சிற்றூர்தான் பேஸ்பாலின் புண்ணியத் தலம். ஒவ்வொரு தலத்துக்கும் தலபுராணம் வேண்டுமல்லவா? இதற்கும் ஒன்று உண்டு. பேஸ்பால் அமெரிக்கச் சரக்கா, இங்கிலாந்திலிருந்து வந்ததா என்று சண்டை வந்தபோது ஒரு கமிஷன் அமைத்தார்கள். 1907 டிசம்பரில் அது தீர்ப்பு சொன்னது: 1839இல் கூப்பர்ஸ்டவுனில் ஆப்னர் டபுள்டே என்பவர் கண்டுபிடித்தார். ஆதாரம்? ஒரு முதியவரின் கடிதம். 1839இல் அவருக்கு வயது ஐந்து. டபுள்டே அந்த ஆண்டு கூப்பர்ஸ்டவுனிலேயே இல்லை, வெஸ்ட்பாயின்ட் ராணுவப் பள்ளியில் இருந்தார். தான் கண்டுபிடித்ததாக அவர் எங்கும் சொல்லிக்கொண்டதும் இல்லை. ஆனாலும் தீர்ப்பு நின்றது. புராணத்துக்கு ஆதாரம் எதற்கு?

அதே 1907இல் இன்னொரு வரலாறும் அச்சானது. எழுதியவர் சால் வைட், கறுப்பர், உள்வட்ட ஆட்டக்காரர். கறுப்பரின் பேஸ்பால் வரலாற்றைப் பெயர்களோடும் அணிகளோடும் எழுதி, நிறக்கோடு விழுந்ததில் ஆன்சனின் பங்கையும் பதிந்து வைத்தார். ஐந்து வயதுப் பிள்ளையின் நினைவு தேசிய வரலாறானது. ஆடியவரே எழுதிய புத்தகம் கறுப்பரின் தனிச் சங்கதியாக ஒதுங்கிக் கிடந்தது. எது வரலாறு, எது புனைவு என்பதை ஆதாரம் முடிவு செய்வதில்லை, அதிகாரம் முடிவு செய்கிறது என்பதற்கு இதைவிட வேறென்ன வேண்டும்?

டபுள்டே புராணத்தை நம்பி 1939இல் அங்கே புகழ்மன்றம் திறந்தார்கள். அதே ஆண்டே ஆன்சனுக்கு உள்ளே இடம். அந்த ஊர்த் தெருவில் வளர்ந்த கறுப்பருக்கு? 1971இல் நீக்ரோ லீக் ஆட்டக்காரர்களைக் கௌரவிக்கிறோம் என்றவர்கள், அவர்களுக்குத் தனிப் பகுதி ஒதுக்குவதாக அறிவித்தார்கள். தனிக்குவளை! எதிர்ப்பு கிளம்பிய பிறகுதான் ஒரே மண்டபம் என்று மாற்றிக்கொண்டார்கள். 2006இல் பதினேழு பேரை மொத்தமாகச் சேர்த்தார்கள். ஃப்ராங்க் கிராண்டும் சால் வைட்டும் அப்போது உள்ளே போனார்கள். ஃபௌலர் அப்போதும் வெளியே. 2013இல் அவர் பெயரை ஒரு தெருவுக்கு வைத்தார்கள். அந்தத் தெரு போய்ச் சேர்வது டபுள்டே பெயர்கொண்ட மைதானத்துக்கு. 2021 டிசம்பரில் தேர்வு, 2022 ஜூலையில் சேர்ப்பு. மூடியவர் போய் 83 ஆண்டு கழித்து, மூடப்பட்டவர் அதே மண்டபத்துக்குள் போனார்.

"இப்பத்தான் சேர்த்துட்டாங்களே, இன்னும் என்ன?" என்று கேட்பவர்கள் வருவார்கள். சொல்கிறேன். 2020 டிசம்பரில், 1920 முதல் 1948 வரையிலான நீக்ரோ லீகுகளையும் உச்ச லீகுகள் என்று பெரிய லீக் நிர்வாகம் அறிவித்தது. 2024இல் அந்தப் புள்ளிவிவரங்களைத் தன் ஏட்டோடு சேர்த்தது. நல்லது. ஆனால் ஃபௌலர் இறந்தது 1913இல். அவர் ஆடியது கறுப்பருக்குத் தனி லீக் நிலைபெறாத காலம். வெள்ளையர் உச்ச லீகிலும் இல்லை, அங்கீகரித்த கறுப்பர் லீகிலும் இல்லை. ஏடு அவரை எங்கேயும் வைக்க முடியாது, காரணம் அந்த ஏட்டைக் கிழித்தவர்களே பிறகு அதை ஒட்டவும் வருகிறார்கள். அவர்கள் சேர்ப்பதைப் பற்றிப் பேசுகிறார்கள். வெளியேற்றியதைப் பற்றிப் பேசட்டும். ஏப்ரல் 15க்கு விழா எடுக்கிறவர்கள் ஜூலை 14க்கு என்ன எடுக்கிறார்கள்?

'முதல்வர்' கதை ஆதிக்கத்துக்கு வசதியான கதை. முதல் ஆள் உள்ளே வந்தார் என்றால் நாங்கள் திறந்துவிட்டோம் என்று அர்த்தம். நன்றி சொல் என்று அர்த்தம். அதற்கு முன்னால் அங்கே யாரும் இல்லை என்றும் அர்த்தம். உள்ளே இருந்தவரைத் தள்ளினோம் என்பதை ஒப்புக்கொண்டால் நன்றி கடனாக மாறிவிடும், அவர்கள் கொடுக்க வேண்டிய கடனாக.

தோழர்களே, கறுப்பர் வரலாறு நமக்கு அந்நியம் அல்ல. ஜோதிராவ் பூலே 1873இல் 'குலாம்கிரி'யை, அடிமைமுறையை ஒழிக்கப் பாடுபட்ட அமெரிக்க மக்களுக்குத்தான் காணிக்கையாக்கினார். ஃபௌலர் இறந்து ஐந்து மாதத்தில், 1913 ஜூலையில், அதே நியூயார்க் மாநிலத்தில் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் படிக்க வந்து சேர்ந்தார் அம்பேத்கர். 1946இல் கறுப்பர் தலைவர் டு பாய்ஸுக்கு அவர் கடிதமும் எழுதினார். 1972இல் பம்பாயில் நம் சிறுத்தைகள் பெயரைக் கருஞ்சிறுத்தைகளிடமிருந்து எடுத்தார்கள். ஆட்டக்களத்திலும் நமக்கு ஒரு ஃபௌலர் உண்டு. புனேயின் பல்வாங்கர் பாலு, சமார் சாதியில் பிறந்த சுழற்பந்து வீச்சாளர். அணிக்காக விக்கெட் எடுத்துக் கொடுத்தவருக்கு மண்டபத்துக்கு வெளியே மண் குவளையில் தேநீர். 1911இல் இங்கிலாந்து போய் நூற்றுக்கும் மேலே விக்கெட் எடுத்தார். இந்துக்கள் அணியின் தலைமையை அவருக்குக் கடைசிவரை தரவில்லை. அங்கேயும் எழுதிய விதி எதுவும் இல்லை. கனவான்கள் எல்லா நாட்டிலும் உண்டு.

மாணவர்களிடமும் எழுதுகிறவர்களிடமும் ஒரு வேலை கேட்கிறேன். யார் முதலில் உள்ளே போனார் என்று தேடுவதோடு நிறுத்தாதீர்கள். யார் உள்ளே இருந்தார், எந்த ஆண்டு காணாமல் போனார், யார் கையெழுத்திட்டார் என்று தேடுங்கள். உங்கள் ஊர் விளையாட்டுக் கழகத்தின் பழைய அணிப் படங்களைப் பாருங்கள். பள்ளிச் சேர்க்கைப் பதிவேட்டைக் கேட்டு வாங்குங்கள். கூட்டுறவுச் சங்கத்தின் தீர்மானப் புத்தகத்தைப் புரட்டுங்கள். 'விடுவிப்பு', 'உடல்நலக் குறைவு', 'இடம் நிரம்பிவிட்டது' என்று எழுதியிருக்கிற இடங்களில் விரலை வையுங்கள். அந்தக் கூட்டத்தில் உட்கார்ந்தவர்களின் பெயரை எழுதுங்கள். ஓட்டு எத்தனைக்கு எத்தனை என்று எழுதுங்கள். எதிர்த்து நாலு பேர் கை தூக்கியிருந்தால் அதையும் எழுதுங்கள். 6-4 என்பது விதியில்லை, தலையெழுத்தும் இல்லை. இரண்டு பேர் மாறி நின்றிருந்தால் 4-6.